எச்சில் தட்டும் கொசுத்தேனீக்களும்

போன ஐப்பசியில் ஏசி குழாய்க்காகச் சுவரில் ஓட்டை போடச் சொன்னது நான்தான். ஜன்னலோர விரிசலில் ஏதோ பொடிப்பூச்சிகள் போய்வருவதை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன், கண்டுகொண்டதில்லை. டிரில் மெஷின் உள்ளே போனதும் தேன் வழிந்தது! கொசுத்தேனீக் கூடு. கொசு அளவுதான் இருக்கும், கொட்டாது. சேர்த்து வைத்திருந்ததெல்லாம் தரையில் ஓடியது. அவற்றின் வாசலை மட்டும் விட்டுவிட்டு ஓட்டையைக் களிமண்ணால் அடைத்தோம். பாவி, நானே சொல்லி இடித்தேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

விளாங்குடியில் தேனீப்பெட்டி வைத்திருக்கும் கொழுந்தனாருக்குப் போன் போட்டேன்.

"மழை நேரம் மதினி, பூவும் கிடைக்காது. ஒரு வாரத்துல உள்ள சாப்பாடு சேரலன்னா கூடு போயிரும். சீனித்தண்ணி வச்சுப் பாருங்க."

கூட்டருகே எறும்பு வரும் என்று மொட்டை மாடியில் வைத்தேன். சீனித்தண்ணீரில் நனைத்த பஞ்சு, எவர்சில்வர் தட்டு. மழை விட்ட நேரத்தில் ஒன்று வந்து குடித்துவிட்டுப் போனது. ஊரையே கூட்டிவரும் என்று காத்திருந்தால், ம்ஹூம், அது மட்டும்தான் திரும்பி வந்தது. நாலு நாளும் இதே கதை. கூட்டு வாசலில் நடமாட்டமே குறைந்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி போன்.

"ஒத்தையாத்தான் வருது தம்பி. இம்புட்டுக்கும் ஒவ்வொரு தடவையும் தட்டைச் சோப்புப் போட்டுத் தேய்ச்சுத்தான் புதுசா ஊத்துறேன்."

"அட கெடுத்தீகளே மதினி! என் பெட்டித் தேனீன்னா ஆட்டம் போட்டு வழி சொல்லும். இது கூட்டுக்குள்ள ஓடி, மத்ததுகள முட்டி உசுப்பி, ஒரு சொட்டு ருசி காட்டும். அம்புட்டுத்தான். எந்த இடம்னு காட்டிக்குடுக்குறது, அது தட்டுல தடவிட்டு வர்ற வாசம். அதைத்தான் நீங்க தேய்ச்சுக் கழுவுறீக."

"அப்ப எச்சித் தட்டுலயே ஊத்தவா?"

"எச்சித் தட்டுலயேதான்!"

வாய் வைத்த பாத்திரத்தில் மறுபடி எதையும் ஊற்றிப் பழக்கமில்லாத வீடு எங்களுடையது. மறுநாள் பிசுபிசுத்த தட்டில் சீனித்தண்ணீர் ஊற்றும்போது உடம்பே கூசியது. கை இரண்டு தரம் குழாய்ப் பக்கம் போனது; அடக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன். ஒன்று வந்து போனது. பிறகு மூன்று. அப்புறம் எண்ண முடியவில்லை, தட்டின் விளிம்பே கறுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் துணி எடுக்க மாடிக்கு வந்தார் கணவர். "என்னடி, தட்டு இப்பிடிக் கிடக்கு?" என்று தூக்கப் போனார்.

"ஏய், வைங்க! கழுவுனீங்க, கொன்னுருவேன்!"

முப்பது வருஷத்தில் என் வாயிலிருந்து அவர் கேட்டறியாத வார்த்தை. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

கூடு பிழைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு முருங்கை பூக்கும்வரை அந்தத் தட்டை நான் கழுவவே இல்லை.