லேமினேட் செய்த தடுப்பூசி அட்டை

ஐந்தருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது என் எட்டு வயது மகளின் குதிகாலில், சேற்றில் கிடந்த உடைந்த பாட்டில் சில்லு ஏறிவிட்டது. ஈரத் துண்டைச் சுற்றி அவளைத் தூக்கிக்கொண்டு, நானும் மனைவியும் தென்காசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

காயத்தைக் கழுவியபடியே நர்ஸம்மா கேட்டார். "சேத்துல பட்ட காயம் அண்ணாச்சி. டி.டி. போட்டிருக்கா? தடுப்பூசி அட்டை இருந்தா காட்டுங்க."

அட்டை என் பையிலேயே இருந்தது. அருவிக்குப் போனாலும் அதை எடுத்துக்கொண்டு போகிற ஆள் நான். விரலை மேலிருந்து கீழே ஓட்டினேன். பி.சி.ஜி., ஓ.பி.வி., பென்டா மூன்று முறை, எம்.ஆர்., டி.பி.டி. டி.டி. என்று ஒரு கட்டம்கூட இல்லை. இத்தனை வருஷம் அந்த ஊசியையே போடாமல் விட்டுவிட்டேனா? பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"பென்டான்னா என்னன்னு நெனச்சீங்க?" நர்ஸம்மா சிரித்தார். "ஒரே ஊசில அஞ்சு நோய்க்கு மருந்து. தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, மஞ்சக்காமாலைல ஒண்ணு, மூளைக்காய்ச்சல்ல ஒண்ணு. நீங்க தேடுத டி.டி.யும் அந்த ரணஜன்னிக்குத்தான், டெட்டனஸுக்கு. டி.பி.டி.யோட கடைசி எழுத்தும் அதான்."

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. படித்தவன்தான், ஆனால் எட்டு வருஷமாக அந்த எழுத்துகளைப் பார்த்திருக்கிறேனே தவிர, படித்ததில்லை. பென்டா மூன்று, ஒன்றரை வயதில் டி.பி.டி. ஒன்று, ஆக நான்கு என்று சத்தமாகவே எண்ணினேன்.

நர்ஸம்மாவின் விரல் அடுத்த கட்டத்தில் நின்றது. "அஞ்சு வயசுல ரெண்டாவது பூஸ்டர் உண்டே. இங்கன காலியா இருக்கு? அது விட்டிருந்தா இப்பப் போட்டிரணும்."

"எனக்கு ஊசி வேண்டாம்!" மகள் அலறினாள்.

"போட்டோம்னுதான் நெனைக்கேன்" என்றேன்.

"நெனச்சா ஆச்சா?" மனைவி பிடித்துக்கொண்டாள். "சாரல்ல நனையும்னு லேமினேட் பண்ணி வச்சா எங்க எழுதுவாங்க? ரேஷன் கார்டு, மார்க் ஷீட்டு, எல்லாத்தையும் பண்ணியாச்சு. அப்படியே என்னையும் பண்ணிருங்க."

அவள் திட்டத் திட்டத்தான் எனக்கு நினைவு வந்தது. எங்கள் குத்துக்கல்வலசை தடுப்பூசி முகாமிலும் ஒரு நர்ஸ் இதே மாதிரி திட்டியிருந்தார். பிளாஸ்டிக்கில் பேனா எழுதவில்லை என்று அழுத்தி அழுத்திக் கிறுக்கினார்.

அட்டையைப் பிடுங்கி ட்யூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்தேன். மையே இல்லை. ஆனால் கட்டத்துக்குள் கீறல்கள் பளபளத்தன. ஒரு தேதி. பக்கத்தில் ஒரு கையெழுத்து.

"இருக்கு! இருக்கு!" நான் போட்ட சத்தத்தில் உள்ளே இருந்த டாக்டரே வெளியே வந்துவிட்டார். அவரும் அட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். தேதியின் மேல் நகத்தை ஓட்டினார். "மூணு வருஷம்தான் ஆவுது. இப்ப ஊசி வேண்டாம், கட்டு போட்டா போதும். அடுத்தது பத்து வயசுல. அதை மட்டும் பேப்பர்ல எழுதி வாங்குங்க."

கட்டுப் போட்ட காலோடு என் தோளில் சாய்ந்திருந்த மகள் காதில் கிசுகிசுத்தாள்.

"எப்பா, பத்து வயசுக்குள்ள இன்னொரு தடவ லேமினேட் பண்ணிருவோமா?"