டப்பாவில் தேங்கியது

மெக்கானிக் மூக்கண்ணன் டப்பாவின் துளையில் வாயை வைத்து ஓர் ஊது ஊதினார். காற்று மறுதுளை வழியாக விர்ரென்று வெளியேறியது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, பளபளக்கும் அந்த நீல டப்பாவை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்.

"காலி டப்பாங்க இது. உள்ளே ஒரு தடுப்பு இல்ல, கம்பி வலை இல்ல. ஆவி இந்த வாசல்ல நுழைஞ்சு அந்த வாசல்ல போயிட்டே இருக்கும். கொஞ்ச நேரம் உக்காந்தாத்தானே எண்ணெயை விட்டுட்டுப் போகும்?"

ஆசை ஆசையாக இணையத்தில் தேடி அதை வாங்கி வந்தவர் வீடு வீடாக ரொட்டி போடும் வேன்காரர். அவர் முகம் தொங்கிப்போயிற்று. மூக்கண்ணன் அலமாரியிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்து ஊதினார். நிறம் மங்கல், பார்வைக்கு ஒன்றும் விசேஷமில்லை. ஆனால் மூச்சு சற்றுத் திணறித்தான் மறுபக்கம் போயிற்று. "இவன் கெட்டிக்காரன்" என்றார்.

பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆயில் கேட்ச் கேன் என்கிற இந்த டப்பா எதற்கென்றே தெரியாது. எல்லோருக்கும் அவர் சொல்லும் விளக்கம் ஒன்றுதான். "இன்ஜின் விடற மூச்சை அதுவே திரும்ப இழுத்துக்குதுங்க. அந்த மூச்சுல எண்ணெய் கலந்திருக்கு. அது உள்ளே போய் வால்வு மேல கரியா அப்பிக்கும். நடுவுல இந்த டப்பாவை வெச்சா எண்ணெய் இதுல தங்கிடும். அவ்வளவுதான் விஷயம்."

விஷயம் அவ்வளவுதான், ஆனால் பொருத்துவதற்குள் மனிதர் நம்மைப் படுத்தி எடுத்துவிடுவார். இன்ஜின் சூடாக இருக்கும்போதே பானெட்டைத் திறந்து, புறங்கையால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்ப்பார். கை பொறுக்கிற இடம்தான் டப்பாவுக்கு. தண்ணீருக்குப் போடுகிற ரப்பர் குழாயை யாராவது நீட்டினால் போச்சு, சாமியாடிவிடுவார். "எண்ணெய் பட்டா பத்து நாள்ல இது கொழகொழத்து ஒட்டிக்கும். மூச்சு முட்டினா இன்ஜின் சும்மா இருக்குமா? ஆயில் சீல்களைப் பிச்சுக்கிட்டு எண்ணெய் வெளிய வரும்!" கடைசியில், வண்டிக்குச் சொந்தக்காரரையே குனியவைத்து, தேங்கிய எண்ணெயை வடிக்கும் அடித்திருகை அவர் கையாலேயே ஒருமுறை திறந்து மூடவைப்பார். கைக்கு எட்டாத திருகை எவனும் திறக்கமாட்டான் என்பது அவர் கட்சி.

இதெல்லாம் சரி, அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது மூக்கு. டப்பாவில் தேங்கியதை ஒரு பீங்கான் கோப்பையில் வடித்து, ஒரே ஒரு தடவை முகர்ந்து, வண்டியின் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். பெட்ரோல் வாடை, கருகல் வாடை, எதுவும் தப்பாது. டப்பாவிலிருந்து சில சமயம் பால் விட்ட காப்பி நிறத்தில் ஒரு கொழகொழப்பு வரும். குளிர் காலையில் கொஞ்ச தூரமே ஓடுகிற வண்டிக்கு அது வெறும் ஈரம், துடைத்துப் போட்டுவிடலாம். அதிலேயே லேசாக ஓர் இனிப்பு வாடை இருந்தால் இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் உள்ளே கசிகிறது, அதைத் தடுத்து நிற்கிற கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம். எதிர்ப் பட்டறைக்காரர் இதைக் கண்டுபிடிக்க ஒரு மெஷின் வாங்கியபோது மூக்கண்ணன் தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார். "மூக்கு இல்லாதவங்க என்னதான் பண்ணுவாங்க, பாவம்!"

அந்தச் சிரிப்பு நின்று நாலு மாதம் ஆகிறது. ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தார். மறுநாள் காலை சமையலறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரை, மாடியிலிருந்து ஓடிவந்த மனைவி கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அடுப்பு அணைந்து, கேஸ் வீடு முழுக்கப் பரவியிருந்தது. "இது கூடவா தெரியல?" என்றாள். தெரியவில்லை. சோப்பை முகர்ந்தார், பெட்ரோலை முகர்ந்தார், மனைவியின் தலைமுடியை முகர்ந்தார். ஒன்றுமே இல்லை.

டாக்டர், வந்தால் வரும், வராமலும் போகலாம் என்று கையை விரித்துவிட்டார். புருஷனும் பெண்டாட்டியுமாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். "லைட் வெளிச்சத்துல பாக்கறேன்" என்று கோப்பையை உள்ளே எடுத்துப்போவார். உதிரிபாகங்களுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் மனைவி முகர்ந்து, "ஈரம்" என்றோ "இனிப்பு" என்றோ முணுமுணுப்பாள். இவர் வெளியே வந்து தீர்ப்பு சொல்வார்.

"எத்தனை நாளைக்கு என் மூக்கை இரவல் வாங்கப் போறீங்க? சொல்லித் தொலைங்களேன்" என்பாள் அவள்.

"சொன்னா எவன் வருவான்?" என்பார் இவர்.

போன மாதம் அவள் பல் வைத்தியரிடம் போயிருந்த நேரம் பார்த்து ரொட்டிக்காரர் வந்தார். கோப்பையில் காப்பி நிறம். மூக்கண்ணன் முகர்வதுபோல் முகர்ந்தார். "ஈரந்தான், போங்க" என்றார். மூன்றாம் நாள் வேன் நடுரோட்டில் கொதித்து, இன்ஜின் இறுகிப்போய் நின்றது. கேஸ்கெட். ராப்பகலாக உட்கார்ந்து பிரித்துச் சேர்த்தவர் மூக்கண்ணன்தான். ஆனால் மூக்கு போன விஷயத்தைச் சொல்லவில்லை. ரொட்டிக்காரரோ அவருக்கே ஆறுதல் சொன்னார். "விடுங்கண்ணே. உங்க மூக்குக்கே தெரியலன்னா அது யாருக்குத் தெரியும்?" திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த வார்த்தைதான் அவரைத் தூங்கவிடாமல் அறுத்தது. வேனிலிருந்த அந்தப் பழைய டப்பாவைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றுதான் ரொட்டிக்காரர் இன்றைக்குப் புதிதாக ஒன்று வாங்கி வந்திருக்கிறார்.

மங்கல் டப்பாவுக்கு இடம் தேடி மூக்கண்ணன் புறங்கையை வைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்த பெண் சிறுநீரக நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுகிறவள். ஆறு மாதம் முன்பு அவள் காருக்கு டப்பா போட்டது இவர்தான்.

"அண்ணே, நாளைக்கு விடியக்காலை அப்பாவைக் கூட்டிக்கிட்டு மலை தாண்டிப் போறேன். இதய ஆபரேஷன். இந்தத் தேதியை விட்டா மறுபடி எப்போ கிடைக்கும்னு தெரியல. வண்டி தாங்குமான்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அடித்திருகைத் திறந்தார். காப்பி நிறம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கூலன்ட் குறைகிறதா என்று கேட்டார். "வாரா வாரம் நானே ஊத்தி நிரப்பிடறேன், எவ்வளவு குறையுதுன்னு பாத்ததில்லையே" என்றாள். மூக்கண்ணன் பட்டறைக்குள் திரும்பிப் பார்த்தார். மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள், வர இரண்டு நாள் ஆகும். ஈரம் என்று சொல்லி அது கூலன்டாக இருந்தால், நாளைக்கு மலையேற்றத்தில், கடை கண்ணி இல்லாத இடத்தில், இதய நோயாளியோடு கார் கொதித்து நிற்கும். கேஸ்கெட் என்று சொல்லி அது ஈரமாக இருந்தால் தேதி போய்விடும்.

கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றுமில்லை. வெறும் காற்று. அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வேன் படியில் உட்கார்ந்திருந்த ரொட்டிக்காரர், "கவலையை விடும்மா, அண்ணன் பாத்துட்டா பாத்ததுதான்" என்றார். ஐயோ, அந்த மனிதர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"எனக்கு வாசனை தெரியாதும்மா."

"என்னண்ணே?"

"வாசனையே தெரியாது. நாலு மாசமாச்சு. காய்ச்சல்ல போயிடுச்சு." குரலைத் தாழ்த்தவில்லை அவர். வேன் படி வரைக்கும் கேட்கவேண்டும் என்றே சொன்னார். "இதுக்கு நடுவுல நான் மோந்து பாத்துச் சொன்னதெல்லாம் என் பொண்டாட்டி சொன்னது. அவ இல்லாதப்போ சொன்னது வெறும் குத்துமதிப்பு."

ரொட்டிக்காரர் படியிலிருந்து எழுந்தார்.

மூக்கண்ணன் புதுக் கூலன்ட் பாட்டிலைத் திறந்து அவளிடம் கொடுத்தார். "இதை மோந்துக்கோ. அப்புறம் இந்தக் கோப்பையை." அவள் இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்தாள். "இதுல இனிப்பா எதுவும் வரலையேண்ணே. எண்ணெய் வாடைதான் அடிக்குது."

"நல்லது. ஆனா ஒரு மூக்கை நம்பி உங்கப்பாவை மலையேத்த வேண்டாம். எதிர்ப் பட்டறைல மெஷின் இருக்கு. நானே வந்து அவர்கிட்ட கேக்கறேன், அரைமணி நேர வேலை. வண்டியைத் திருப்பும்மா."

அவள் காரைக் கிளப்பப் போனாள். மூக்கண்ணன் மட்டும் நகரவில்லை. முதுகுக்குப் பின்னால் வேன்காரர் நிற்பது அவருக்குத் தெரியும். கோப்பை விளிம்பில் வழிந்திருந்ததைச் சட்டையில் துடைத்தார். பிறகு அதை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், ரொட்டிக்காரருக்கு முன்னால் போய் நின்று, "அன்னைக்கு உங்க வேனுக்கும் குத்துமதிப்பாத்தான் சொன்னேன், மன்னிச்சுடுங்க" என்று நீட்டினார்.