கலியாண வீட்டு முற்றத்தில் நின்ற ட்ரெயிலர்

காரின் பின்னே கட்டி இழுக்கும், உள்ளே கட்டிலும் திரைச்சீலையும் உள்ள அந்த ட்ரெயிலரை நாங்கள் வாங்கியது 2005 ஐப்பசியில். தீபாவளிக்கு முன்னரா பின்னரா என்பதில் எனக்கும் மனைவிக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. விற்றவரின் மனைவிக்குத் தான் ஒரு பை முறுக்குக் கொண்டுபோனதாகவும், தீபாவளி இல்லாமல் வீட்டில் முறுக்கு எங்கிருந்து வந்தது என்றும் அவள் கேட்பாள். நாள் கிழமைகளில் நான் பிடிவாதக்காரன். ஆனாலும் முறுக்குக்கு எதிராக என்னிடம் சான்று ஏதும் இல்லாததால், பின்னர் என்றே எழுதுகிறேன்.

விற்றவர்கள் மொன்ட்ரியால் தீவுக்கு வடக்கே வசித்த ஒரு வயதான கியூபெக் தம்பதி. முழங்கால் நோவோடு இனி இழுத்துக்கொண்டு திரிய முடியாது என்று கொடுத்தார்கள். ட்ரெயிலரோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியும் வந்தது. கிழவர் அதைத் திறந்து, ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்து, என் பிரெஞ்சுக்கு எட்டும் வேகத்தில் விளக்கினார். சில்லு உருளாமல் வைக்க இரண்டு ஆப்புகள். தரை மட்டமா சரிவா என்று பார்க்க ஒரு ரசமட்டம். நான்கு மூலைக் கால்களின் கீழே வைக்கப் பலகைத் துண்டுகள். கால்களை இறக்கி ஏற்ற ஒரு நீண்ட கைப்பிடி. ட்ரெயிலரின் தடித்த பிளக்கைச் சாதாரண வீட்டுப் பிளக்கில் செருகுவதற்கு ஒரு குட்டை வயர். கடைசியில் இரண்டு குழாய்களை எடுத்து இரண்டு கைகளிலும் தூரத் தூரப் பிடித்துக்கொண்டார். வெள்ளைக் குழாய் குடிதண்ணீருக்கு, மற்றது கழிவுக்கு, இரண்டும் ஒரே பெட்டியில் படுக்கவே கூடாது என்றார். நான் அதை மொழிபெயர்க்கத் தொடங்குமுன் மனைவி தலையாட்டினாள்.

"குசினித் துணியும் நிலம் துடைக்கிற துணியும் மாதிரி. விளங்குது, விளங்குது."

அடுத்த கோடையில் கியூபெக்கின் கிழக்கு முனையிலுள்ள கஸ்பே கடற்கரை வரை போவதென்று திட்டம். நூலகத்தில் இருந்த வழிகாட்டிகளை எல்லாம் எடுத்து வந்து, புதிதாக ட்ரெயிலர் வாங்கியவருக்கு இன்றியமையாதவை என்ற பகுதியை அகராதியோடு படித்தேன். ஆனால் அதை நிறுத்த இடம் இல்லை. மொன்ட்ரியால்-நோரில் எங்களுடையது மூன்றாம் மாடி வீடு. வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படி. காருக்கே வீதியோரம்தான். மனைவியின் தங்கை வீடு தீவின் மேற்குப் பக்கம் ரொக்ஸ்பரோவில், ரயில் ஸ்டேசனுக்குக் கிட்ட இருந்தது. அகன்ற முற்றம். அங்கே கொண்டுபோய் விட்டோம். தங்கையின் கணவர், என் சகலன், சில்லின் கீழே வைத்து நசுக்க ஒரு தேசிக்காய்ப் பையோடு வாசலில் நின்றார்.

"அண்ணை, சில்லு ரண்டுதானே? பின்னை ரண்டு தேசிக்காய் காணும்."

"முன்னாலை ஜாக்கிலை ஒரு சின்னச் சில்லு இருக்கு," என்றாள் மனைவி.

"அதுக்கு ஊறுகாய் வைப்பம், மச்சாள்."

அந்த மாரியில் மனைவியின் சிறுநீரகங்கள் கைவிட்டன. சலரோகம், அந்தச் சர்க்கரை வியாதி, இருபது வருடமாய் இருந்தது, அது எங்கே கொண்டுபோய் விடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இருந்தாலும் சொல்லப்பட்ட ஒன்று வந்து நிற்பது வேறு. மாசி முதல் அவளுக்கு வீட்டிலேயே சிகிச்சை. வயிற்றில் பொருத்திய ஒரு மெல்லிய குழாய் வழியாகப் பழைய நீரை வடிய விட்டு, உயரத்தில் தொங்கும் பையிலிருந்து புதிய மருந்து நீரை உள்ளே இறக்க வேண்டும். நாளுக்கு நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் அரை மணிக்கு மேல் எடுக்கும். கதவும் ஜன்னலும் சாத்தியிருக்க வேண்டும், காற்றாடி ஓடக்கூடாது, கை கழுவி முகமூடி கட்டவேண்டும், பையை முன்கூட்டியே இளஞ்சூடாக்க வேண்டும். பழகிய பிறகு அது ஒன்றும் பெரிய காரியமாகத் தெரியவில்லை. சாத்தக்கூடிய ஒரு கதவு மட்டும் வேண்டும்.

தங்கைக்கு இதைச் சொல்லக்கூடாது என்று மனைவி என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டாள். காரணம் ஆனியில் வரவிருந்த கலியாணம். தங்கையின் ஒரே மகளுக்கு. மணமக்கள் மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வரும்போது வாசலில் ஆராத்தி எடுக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி பெரியம்மாதான் என்று பெண் பிறந்த நாளிலிருந்தே பேச்சு.

"சொன்னால் என்னைக் கதிரையிலை இருத்திப்போட்டு, ஆராத்தித் தட்டை வேறை ஆரிட்டையும் குடுத்திடுவாள்," என்றாள். "பாசத்திலைதான் செய்வாள். அதுதான் எனக்குப் பயம்."

ஆனால் கலியாண வீட்டில் எந்தக் கதவு சாத்திக் கிடக்கும்? டொரொண்டோவிலிருந்து வரும் உறவுகள் நிலக்கீழ் அறையிலிருந்து மாடி வரை படுப்பார்கள். மொன்ட்ரியால்-நோருக்கும் ரொக்ஸ்பரோவுக்கும் இடையே நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையில் எந்தக் கோடையிலும் திருத்தவேலை நடக்கும். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு ஓடி வந்து திரும்புவதென்றால் அவள் கலியாணத்தைக் காரிலிருந்துதான் பார்க்கலாம். போகாமல் விடுவதைப் பற்றிக்கூட ஒருநாள் பேசினாள். பேசிவிட்டு எழுந்துபோய், காய்ந்துகொண்டிருந்த அரைப்பாவாடையை எடுத்து, மடித்ததையே மறுபடி மறுபடி மடித்தாள்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனி முழுதும் கரையாத முற்றத்தில், நான் ட்ரெயிலரின் கதவைத் திறந்து உள்ளே போய் மறுபடி சாத்திப் பார்த்தேன். சாத்தியதும் வெளிச் சத்தம் தணிந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அங்கே போனோம். கஸ்பேக்காகச் சேர்த்த சாமான்கள் எல்லாம் முற்றத்திலேயே வேலைக்கு வந்தன. அந்த முற்றம் வீதிப் பக்கம் சரிந்தது. சரிவில் இருந்தால் நீர் முழுதும் வடியாதோ என்று அவளுக்கு ஐயம். ஆகவே ரசமட்டத்தைத் தரையில் வைத்து, பலகை மாற்றி மாற்றி, அதன் கண்ணாடிக்குள் இருக்கும் குமிழி நடுவில் நிற்கும்வரை நான் கால்களைச் சுற்றினேன். வெள்ளைக் குழாயைத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில் பூட்டினேன். குட்டை வயரால் கராஜிலிருந்து மின்சாரம் எடுத்தேன், பையைச் சூடாக்கும் மெத்தைக்கு அது போதும். எந்த வழிகாட்டியிலும் இல்லாத ஒரு சாமானை மட்டும் கடையில் வாங்கினேன். கூரையின் இரும்புச் சட்டத்தில் திருகும் ஒரு தடித்த கொழுக்கி.

வைகாசியில் ஒத்திகை பார்த்தோம். "ட்ரெயிலரைத் துப்பரவாக்கிறம்," என்று தங்கையிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டோம். பை கொழுக்கியில் தொங்கியது. மனைவி கட்டில் ஓரத்தில் இருந்து திரைச்சீலைகளைப் பார்த்தாள்.

"உந்தக் கிழவி நல்லாய்த்தான் தைச்சிருக்கிறாள்," என்றாள். பிறகு, "கஸ்பேக்குப் போகாட்டிலும் பறவாயில்லை என்ன?"

"போவம்."

"பேந்து பாப்பம்."

கலியாணக் கிழமை வந்தது. வியாழக்கிழமை பலகாரச் சூடு, பெண்கள் கூடிக் கலியாணப் பலகாரம் சுடும் நாள். காலையில் வீட்டில் ஒரு பை முடித்து, மதியத்துக்குரிய பைகளோடு ரொக்ஸ்பரோவில் போய் இறங்கினோம். ட்ரெயிலர் தன் இடத்தில் இல்லை. நாலு அடி பின்னே, வேலியோரம் நின்றது. அதன் முன்பக்கம் நிலத்தை விட்டு எழும்பி வானம் பார்த்தது.

சகலன் ஓடி வந்தார். "கோவிக்காதேங்கோ அண்ணை. பந்தல் கால் நட இடம் வேணும். நானும் டொரொண்டோப் பெடியளுமாய்ப் பின்னாலை தள்ளினம். சும்மா கிடக்கிற வண்டிதானே, சாமானையும் உள்ளுக்கை அடுக்கிப்போட்டம்."

"ஏன் மூக்கு மேலை நிக்குது?"

"அதுதான் எங்களுக்கும் விளங்கேல்லை. வெங்காயம் ஏத்தேக்கை மெல்ல எழும்பிச்சுது. பொம்பிளை வீட்டாருக்கு மரியாதை குடுக்குதாக்கும் எண்டு விட்டிட்டம்."

தள்ளுவதற்காக மூலைக் கால்களை ஏற்றியவர்கள் மறுபடி இறக்கவில்லை. அரிசி மூட்டை, வெங்காய மூட்டை, தேங்காய்ச் சாக்கு எல்லாம் பின்பக்கக் கட்டிலில். கதவைத் திறந்து பார்த்தேன். மனைவி இருக்கவேண்டிய இடம் முழுதும் வெங்காயத் தோல். கொழுக்கியில் ஒரு வாழைக்குலை தொங்கியது.

"இஞ்சருங்கோ," என்றாள் மனைவி மெதுவாக, "நேரம் போகுது."

பின்பக்கம் ஏறினால் இன்னும் சாயும். முன்பக்கத்தில் யாராவது பாரமாக நின்றால்தான் நான் கால்களை இறக்கலாம். அந்த நேரம் பார்த்து, எண்ணெய்ச் சட்டியை விட்டுவிட்டுக் கரண்டியும் கையுமாய்த் தங்கை வந்தாள்.

"என்ன அத்தான், சாமானை இறக்கப் போறியளோ? இண்டைக்கோ?"

"முதல்லை உள்ளுக்கை ஏறி முன்பக்கம் போய் நில்லு. நான் சொல்லுமட்டும் அசையாதை."

அவள் ஏறினாள். முன்பக்கம் மெல்லத் தணிந்து முன்தாங்கி ஜாக்கில் உட்கார்ந்தது. நான் கைப்பிடியோடு பின்மூலையில் மண்டியிட்டேன். மனைவி கதவடியில் நின்றாள். ஜன்னல் திறந்திருந்தது.

"அக்கா, உனக்குப் படுக்கவேணுமெண்டால் என்ரை அறைக்குப் போவன். ஏன் இதுக்குள்ளை?"

"உன்ரை அறையிலை ஏழு பேர் நிண்டு சீலை மாத்துகினம்."

"பின்னை?"

மனைவி யாரும் கிட்ட நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். எண்ணெய் பொரியும் சத்தம் சமையல்கட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. பிறகு சொன்னாள். நீட்டாமல், மாசியிலிருந்து என்ன நடக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எதற்காக ஒரு கதவு வேண்டும், எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "ஆராத்திக்கு நீ வேறை ஆரையும் கேக்கிறதெண்டால் கேள்," என்றாள். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

நான் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"ஒவ்வொரு ஞாயிறும் வந்தனீங்கள்," என்றாள் தங்கை. "ட்ரெயிலர் கழுவிறம், கழுவிறம் எண்டு. நான் இவரிட்டைச் சொல்லிச் சிரிச்சனான், அத்தானுக்கு விசர் பிடிச்சிட்டுதெண்டு."

"சிரிச்சால் என்ன?"

"வாயை மூடு. அத்தான், நான் இப்ப அசையலாமோ?"

"பொறு. ஒரு கால் இன்னும் தொடேல்லை."

"கெதியாய்ச் சுத்துங்கோ!"

அழுதுகொண்டேதான் அதட்டினாள். அடுத்த காலும் பலகையைத் தொட்டது. "இனிச் சரி," என்றேன். ட்ரெயிலருக்குள் மூன்று அடி எடுத்துவைக்கும் சத்தம் கதவடி வரை வந்தது. கரண்டி தரையில் விழுந்தது. எழுந்து ஜன்னலால் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆப்புகளைச் சரிபார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து புருசனைக் கூப்பிட்டாள். "வெங்காயத்தை எல்லாம் கராஜுக்குக் கொண்டுபோங்கோ. இது அக்கான்ரை அறை. ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது." அவளே வாளியும் துணியும் கொண்டுவந்து கட்டிலையும் தரையையும் துடைத்தாள். அன்று மதியப் பை கொஞ்சம் பிந்தித்தான் ஏறியது. ஆராத்தி பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மனைவி அதைக் கவனித்திருந்தாள். காரில் திரும்பும்போது, "கேக்கவேண்டாம்," என்று மட்டும் சொன்னாள்.

கலியாணம் சனிக்கிழமை. தாலி கட்டி முடிந்ததும் நாங்கள் மண்டபத்திலிருந்து முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிட்டோம். மணமக்கள் படம் எடுக்கப் பூங்காவுக்குப் போய்விட்டுப் பின்னேரம்தான் வருவார்கள் என்பது ஒழுங்கு. அதற்கிடையில் மதியப் பையை முடித்துவிடலாம். கதவைச் சாத்தி, பையைக் கொழுக்கியில் தொங்கவிட்டு, பழைய நீர் வடியத் தொடங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. பூங்காவில் இருந்தவர்கள் கால் மணியில் திரும்பிவிட்டார்கள். பூ வைத்த கார் வீதி முனையில் ஹோர்ன் அடித்தது.

மனைவி என்னைப் பார்த்தாள். வடிந்து முடியவில்லை, புது நீர் இறங்க இன்னும் நேரம் வேண்டும். இதில் அவசரப்படுத்த எதுவும் இல்லை. வெளியே பெண்களின் சத்தம் கூடியது. "தட்டு எங்கை? ஆர் எடுக்கிறது? கெதியாய் ஆராவது எடுங்கோவன், பொம்பிளை மாப்பிளை காருக்குள்ளை எல்லோ!"

"ஆராவது எடுக்கட்டும்," என்றாள் மனைவி முகமூடிக்குள். நான் எழுந்தேன். முகமூடியோடு கதவடிக்குப் போனேன்.

அதற்குள் ட்ரெயிலருக்குப் பக்கத்திலேயே தங்கையின் குரல் கேட்டது. பந்தலில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அக்காவுக்கு மருந்துத் தண்ணி ஏறிக்கொண்டிருக்கு. முடியப் பதினைஞ்சு நிமிசம் செல்லும். அவ வந்துதான் ஆராத்தி. இஞ்சரப்பா, காரைத் திருப்பிக்கொண்டு ஸ்டேசன் பக்கம் ஒரு சுத்துச் சுத்திக்கொண்டு வரச் சொல்லுங்கோ."

"மழைக்குள்ளையோ?" என்றது யாரோ ஒரு மாமி.

"கார்தானே சுத்துது, நீங்களோ நனையிறியள்?"

கார் போனது. போய்த் திரும்பி வந்து, ஹோர்ன் அடித்து, மறுபடி போனது. உள்ளே நாங்கள் இருவரும் பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது மெல்ல மெல்லச் சுருங்கியது. மனைவியின் கண்ணிலிருந்து இறங்கிய நீர் முகமூடிக்குள் போனது. கழுவிய கையால் முகத்தைத் தொடக்கூடாது என்பது விதி, ஆகவே நான் துடைக்கவில்லை. முடிந்ததும் அவள் குழாயை மூடி, சேலைக் கொசுவத்தை எடுத்துச் செருகி, குங்குமம் சரியா என்று என்னிடம் முகத்தைக் காட்டினாள். சரியாகத்தான் இருந்தது.

கதவைத் திறந்தபோது மழை விட்டிருந்தது. பெண்கள் வழிவிட்டார்கள். சிலர் அவளுடைய வயிற்றைப் பார்த்தார்கள், சிலர் பார்க்காததுபோல் பார்த்தார்கள். அவள் நேரே வாசலுக்குப் போனாள். மாப்பிள்ளை வீட்டு மாமி தட்டின் மறுபுறத்தைப் பிடிக்கக் காத்து நின்றார். தட்டில் மூன்று வாழைப்பழத் துண்டுகளில் திரி வைத்திருந்தார்கள். தங்கை குனிந்து அவற்றைக் கொளுத்தினாள்.

மணமகள் காரிலிருந்து இறங்கினாள்.

"பெரியம்மா, உங்களாலை ரொக்ஸ்பரோ முழுக்கப் பாத்தாச்சு."

"கதையாமல் நேரை நில்லு, பிள்ளை," என்றாள் என் மனைவி. தட்டை உயர்த்தினாள்.