கரையான்சாவடியில் இருபது நிமிடம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். முடியவில்லை என்று யாரிடமும் சொன்னதில்லை.

பூந்தமல்லி மகள் வீட்டுக்குப் போகும் வழியில், கரையான்சாவடி பிரியாணிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். சர்க்கரை ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். கடையை நம்பிக் கள்ளிக்குப்பத்தில் என் வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஷேர் ஆட்டோ நெரிசலில் மாட்டிக்கொண்டது. இங்கே அண்டா மூடியின் மேல் கரி இன்னும் கனல்கிறது.

“தம் ஒடைக்கல ஆயா. இருபது நிமிசம் ஆவும்,” என்கிறார் கடைக்கார பாய்.

“ஆவட்டும்.”

கை நடுங்குகிறது. முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறேன். கண் இருட்டுகிறது.

“இன்னா ஆயா, இப்டி வேர்க்குது?”

“வெயிலுப்பா.”

“ஃபேனு கீழ குந்திகினு வெயிலா?”

இனி மறைக்க முடியாது. “சக்கர ஊசி போட்டுகினு வந்துட்டேன் பாய். இன்னும் துன்னல.”

பாய் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, பிரெட் அல்வாவை என் கையில் திணிக்கிறார்.

“சக்கரக்காரிக்கு அல்வாவா?”

“இப்ப இதான் மருந்து. முழுங்கிட்டு அப்பறம் சண்ட போடு.”

முழுங்குகிறேன். கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் அடங்குகிறது.

மகள் வீட்டில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி இதை எழுதிவிட்டேன். பேத்தி, சத்தமாகப் படி. நான் பயந்துபோனதை எழுதினேனா, விட்டுவிட்டேனா?