தங்கச்சி, கொஞ்சம் வெக்கப்படுங்கோ

எனக்குக் கீழ்வீட்டுக்காரியைக் கண்டால் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அவள் ஜப்பான்காரி, தனி ஆள், என் வயதுதான் இருக்கும். பிரெஞ்சு பேசுகிற இந்த ஊரின் கார்ட்டியர்வில் பகுதியில் ஒரே வீட்டின் மேல்தட்டில் நாங்களும் கீழ்த்தட்டில் அவளும் வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்துத் தெரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கிற வேலை அவளுக்கு. பொறாமைப்படும்படி அவளிடம் நகை இல்லை, கார் இல்லை, கொட்டிக் கிடக்கும் அழகும் இல்லை. என் மகள்தான் இருந்தாள் அவளிடம்.

என் மகளுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் புத்தகப் பையை மேலே எறிந்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவாள். "இண்டைக்குப் பள்ளிக்கூடம் எப்பிடி?" என்று நான் கேட்டால் "நல்லம்" என்பாள். அந்த ஒரு சொல்லுக்கு மேல் எனக்குக் கிடைக்காது. கீழே போனால் மணிக்கணக்காகக் கதை. தரைப் பலகைக்குள்ளால் சிரிப்புச் சத்தம் என் குசினிக்கு ஏறி வரும். கதைப்பதெல்லாம் பிரெஞ்சில். என் பிரெஞ்சு பொன்ஜூரில் தொடங்கி மெர்சியில் முடிந்துவிடும். இடையில் நான் வேலை செய்கிற பிஸ்கட் பாக்டரியில் காதில் விழுந்த நாலைந்து வசவுகள். இதை வைத்துக்கொண்டு தரையில் காதை வைத்தாலும் என்ன விளங்கப் போகிறது? வைத்தும் பார்த்தேன். விளங்கவில்லை.

எரிச்சல் என்னவென்றால், இந்த உறவைத் தொடக்கி வைத்ததே நான்தான். பிள்ளைக்கு ஜப்பான் கார்ட்டூனும் பாட்டும் பைத்தியம். அந்த எழுத்துப் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சரி, கீழே ஒரு ஜப்பான்காரி சும்மாதானே இருக்கிறாள் என்று ஒரு தட்டு நிறைய மீன் ரோல்ஸ் சுட்டு அனுப்பினேன். தட்டு வெறுமனே திரும்பவில்லை. கடற்பாசித் தாளில் சுற்றிய சோற்றுருண்டைகளோடு வந்தது. என் புட்டைக் கண்டால் மூக்கைச் சுளிக்கிற மகள், அந்த ஆறிய சோற்றைக் கண்ணை மூடி ரசித்துத் தின்றாள். அன்று பற்றிய நெருப்பு.

"இஞ்சேரும், பிள்ளை கீழ் வீட்டிலதானே நிக்குது. பனிக்குள்ள எங்கயும் ஊர் சுத்தேல்லத்தானே," என்பார் இவர். துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓடுகிறவர். பெட்டி எங்கே நிற்கிறதென்று தெரிந்தால் அவருக்குப் போதும். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கிற பழக்கம் இல்லை.

போன மார்ச் மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், மகள் கீழேயிருந்து கண் சிவந்து வந்தாள். "என்ன நடந்தது?" என்றேன். "ஒண்டுமில்லை" என்றாள். அழுதிருக்கிறாள். என்னிடம் அழாமல் அங்கே போய் அழுதிருக்கிறாள். மகளை மனதுக்குள் கேட்டேன்: சிரிப்பைக் கொடுத்தாய், பசியைக் கொடுத்தாய், அழுகையையும் அவளுக்கே கொடுத்துவிட்டாயா? இவருடைய பெரிய சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டு, வெளியே ஐஸ் பிடித்துக் கிடந்த இரும்புப் படியில் இறங்கினேன். "அம்மா, நில்லுங்கோ!" என்று மகள் பின்னால் ஓடி வந்தாள்.

கதவைத் திறந்தவள் குனிந்து வணங்கினாள். "என்ர பிள்ளைக்கு நீ என்ன சொன்னனீ?" என்று தமிழிலேயே கேட்டேன். மகள் அதைப் பிரெஞ்சில் சொன்னாள். பாதிக்கு மேல் வடிகட்டித்தான் சொல்லியிருப்பாள், ஏனென்றால் கீழ்வீட்டுக்காரி கோபிக்காமல் எங்களை உள்ளே கூப்பிட்டு மேசையில் இருத்திப் பச்சைத் தேநீர் ஊற்றினாள். பிறகு இருவரும் தங்களுக்குள் ஏதோ கதைத்தார்கள். என்னை வைத்துக்கொண்டே கதைத்தார்கள்.

"அம்மா, அவ முதல்ல தன்ர கதையைச் சொல்லுறாவாம். நான் தமிழில சொல்லுறன்," என்றாள் மகள்.

அவள் சொல்லச் சொல்ல மகள் தட்டுத் தடுமாறித் தமிழாக்கினாள். பதினைந்து வயதில் அவள் ஒசாகாவில் ஒரு பாட்டுக் குழுவில் இருந்தாளாம். எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மேடைக்கும் பள்ளிச் சீருடை மாதிரித் தைத்த உடுப்புத்தான், அதற்குத்தான் கிராக்கி. பாட்டு முடிந்ததும் வரிசையாக மேசை போட்டு அந்தப் பிள்ளைகளை நிறுத்துவார்களாம். தகப்பன் வயது ஆண்கள் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து கை குலுக்கி, படம் எடுத்துவிட்டுப் போவார்கள். வருகிறவர்களின் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டும். ஒருவர் ஒரு வாரம் வராமல் விட்டால், அடுத்த முறை "நீங்கள் வராததால் எனக்குத் தனிமையாக இருந்தது" என்று சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எப்போது கண்ணைத் தாழ்த்த வேண்டும் என்றெல்லாம் பயிற்சி கொடுத்தார்களாம்.

"தாய் தேப்பன் எங்க போனவை?" என்றேன்.

அவர்களுக்குப் பெருமையாம். தாய்தான் உடுப்பை அயன் போட்டு மினுக்கிக் கொடுத்து அனுப்பினாள். அயலவர்கள் "பிள்ளை எவ்வளவு பாடுபடுகிறாள்" என்று மெச்சினார்கள். ஆசிரியர் ஒருவர் கையெழுத்தும் வாங்கினாராம். அந்தக் காலத்தில் புத்தகக் கடையில், ரயிலில், எங்கே பார்த்தாலும் அந்த வயதுப் பிள்ளைகளின் படத்தை வைத்து எதையாவது விற்றுக்கொண்டிருந்தார்கள். சனம் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியது. ஒரு ஆள் தினமும் ரயில் நிலையத்தில் தனக்காகக் காத்து நிற்கிறான், பயமாக இருக்கிறது என்று அவள் சொன்னபோது, உன்னை ஆதரிக்கிற மனிதர், நன்றியோடு இரு என்றார்களாம். பத்தொன்பது ஆனதும், வயது போய்விட்டது என்று ஒரு பூங்கொத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"இப்ப அங்க பொம்பிளையள் எதிர்த்துக் கதைக்கினமாம். சட்டங்களும் வருதாம். ஆனா கன சனம் இன்னும் 'அது அப்பிடித்தான்' எண்டு தோளைக் குலுக்கிப்போட்டுப் போகுதாம்," என்றாள் மகள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒருத்தரும் கெட்டவை இல்லையாம் அம்மா. அதுதான் கஷ்டமாம்," என்றாள்.

எனக்கு அவள்மேல் இரக்கம் வரத்தான் செய்தது. ஆனால் என் குணம் என்னை விடவில்லை. பிள்ளையைப் பறித்துக்கொண்டவளைவிட ஒரு படியாவது மேலே நிற்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்துவிட்டதே. நிமிர்ந்து இருந்துகொண்டு சொன்னேன்: "எங்கட சனம் ஆயிரம் பிழை விடும். ஆனா பொம்பிளைப் பிள்ளையை இப்பிடிக் கடையில வைக்காது. இதை அவவுக்குச் சொல்லு."

மகள் அதைச் சொல்லவில்லை. தன் போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டு, தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் வைத்தாள்.

அவளுடைய சாமத்தியவீட்டு வீடியோ. பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் செய்கிற சடங்கு. மூன்று வருடங்களுக்கு முன்பு, மண்டபம் எடுத்து, என் மச்சாள் வீட்டுக்குக் கொஞ்சமும் குறையாமல் செய்தோம். இப்போதெல்லாம் சடங்கு மட்டும் போதாது. அதற்கு முன் 'அவுட்டோர்' என்று ஒன்று உண்டு. வீடியோக்காரர் பிள்ளையைப் பழைய துறைமுகத்துக்கும் பூங்காவுக்கும் கூட்டிப் போய், கலியாணப் பெண் மாதிரிச் சேலை மாற்றி மாற்றி உடுக்கவைத்து, சினிமாப் பாட்டுக்கு நடக்கவிட்டு மெதுவோட்டத்தில் எடுப்பார். நானும் மச்சாளும் பூச்சரமும் சீப்புமாகப் பின்னால் ஓடினோம். "தங்கச்சி, கொஞ்சம் வெக்கப்படுங்கோ," என்றார் வீடியோக்காரர். பிள்ளை "எதுக்கு?" என்று கேட்டாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். "அதைக் கேக்கிறதுதானே வெக்கமில்லாத்தனம்," என்று மச்சாள் சொல்ல, இன்னும் சிரித்தோம்.

அந்தத் துண்டைத்தான் வீடியோக்காரர் தன் கடைப் பக்கத்தில் விளம்பரமாக முதலாவதாகப் போட்டு வைத்திருந்தார். அது எனக்குத் தெரியும். மச்சாளின் மகளுடையதை விட்டுவிட்டு என் மகளுடையதைப் போட்டாரே என்று உள்ளுக்குள் குளிர்ந்தும் இருந்தேன். கீழே சனம் எழுதுவதை நான் வாசித்ததில்லை. இதயப் படங்களைப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். மகள் இப்போது விரலால் இழுத்துக் காட்டினாள். ஊர் பேர் தெரியாத ஆண்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்து அவர்கள் எழுதியதை நான் இங்கே எழுத மாட்டேன். அந்த வாரம் வகுப்புப் பெடியன்களும் அதைக் கண்டுபிடித்து, அவளைக் கண்டால் சேலை இழுத்து நடக்கிற மாதிரி நடந்து காட்டுகிறார்களாம்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றேன்.

"உங்களுக்கு அந்த வீடியோ விருப்பம்தானே அம்மா," என்றாள்.

கீழ்வீட்டுக்காரி வீடியோவை இன்னொரு முறை போடச் சொன்னாள். அதில் மகள் தோளுக்கு மேலால் திரும்பி, கண்ணைத் தாழ்த்தி, பிறகு மெல்ல நிமிர்த்திச் சிரிக்கிற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு எழுந்து, குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் முதுகு காட்டி நின்றாள். அப்படியே திரும்பினாள். அதே தோள். அதே நாடி. கண்ணைத் தாழ்த்தி நிமிர்த்துகிற அதே கணக்கு. நரை விழுந்த, கம்பளிச் சட்டை போட்ட மனுஷி, என் மகளின் சிரிப்பை அச்சொட்டாகச் சிரித்தாள். அவள் இன்னும் அதை மறக்கவில்லை.

எழுந்து மேலே வந்தேன்.

இவரிடம் சொன்னேன். "எல்லாரும் போடுறதுதானே, இதில என்ன கிடக்கு?" என்றார். மச்சாளுக்குப் போன் எடுத்தேன். "நல்ல வடிவாத்தானே இருக்கு. கண்டவன் எழுதினதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? சும்மா விடும்," என்றாள். இவர் நல்ல மனுஷன், மச்சாளும் என் பிள்ளைக்கு உயிரைக் கொடுக்கிறவள். ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை.

பிறகு குசினிக்குள் நின்றபடி வீடியோக்காரருக்கு எடுத்தேன்.

"தம்பி, என்ர மகளின்ர வீடியோவை எடுத்துவிடுங்கோ," என்று மரியாதையாகத்தான் தொடங்கினேன்.

"ஐயோ அக்கா, அதுதான் எங்கட பெஸ்ட். அதைப் பாத்துத்தான் சனம் புக் பண்ணுது. தங்கச்சி என்ன வடிவாச் செய்திருக்கிறா! உங்களுக்குப் பெருமைதானே?"

"அவ செய்யேல்லை, தம்பி. நீங்கள் செய்விச்சனீங்கள். இப்ப எடுங்கோ."

"பேந்து பாப்பமே அக்கா. சீசன் முடியட்டும்."

அந்தச் 'சீசனில்' என் மரியாதை முடிந்தது. "டேய்," என்றேன். அதுவரை அவனை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. "என்ர பிள்ளையை வைச்சு நீ சீசன் பாக்கிறியோ? அடுத்த கலியாணவீட்டில நீ கமெரா தூக்கிக்கொண்டு நிப்பாய்தானே? நான் அங்க வருவன். மேடையில ஏறி மைக்கை வாங்கி, கீழ எழுதிக் கிடக்கிறதை ஒண்டொண்டா வாசிப்பன். மாப்பிள்ளை பொம்பிளைக்கு முன்னால வாசிப்பன். செய்ய மாட்டன் எண்டு நினைக்கிறியோ?"

என்னைத் தெரிந்த யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். இன்னும் நிறையச் சொன்னேன். பாக்டரியில் பழகிய பிரெஞ்சும் கடைசியில் உதவிக்கு வந்தது. இவர் டிவியை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்று பார்த்தார். நான் போனை வைக்கவில்லை. அவன் வீடியோவை எடுத்துவிடும்வரை காதில் வைத்துக்கொண்டே நின்றேன். பிறகு இவருடைய போனில் அவன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு பிறந்தநாள் கேக் வந்திருந்தது.

மகளுக்குச் சொல்ல வேண்டும். அவள் இன்னும் கீழேதான். திரும்பவும் அந்தச் சப்பாத்து, திரும்பவும் அந்த ஐஸ் படி. கதவைத் தட்ட முதலே திறந்தது. இருவரும் அங்கேயே நின்றிருந்தார்கள். மகள் அழுதுகொண்டு சிரித்தாள்.

"எடுத்துப்போட்டான்," என்றேன்.

"கேட்டது," என்றாள். "முழுக்கக் கேட்டது. நான் அவவுக்குச் சொல்லிச் சொல்லிக்கொண்டு வந்தனான்."

என் குசினிச் சத்தமும் கீழே இறங்கும் என்று இவ்வளவு நாளும் நான் யோசிக்கவில்லை. கீழ்வீட்டுக்காரி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். இந்த முறை குனியவில்லை, நேராகப் பார்த்துச் சொன்னாள். மகள் அதை உடனே தமிழாக்கவில்லை.

"என்னவாம்?"

"என்னைப் பாக்கத் தனக்குப் பொறாமையா இருக்காம்."

"ஏனாம்?"

"தன்ர அம்மா ஒருத்தரோடயும் சண்டை பிடிக்கேல்லையாம்."

நான் கீழ்வீட்டுக்காரியின் தோளில் கை வைத்தேன். எலும்பாக இருந்தாள், சோற்றுருண்டை தின்றால் வேறு எப்படி இருக்கும். மேலே வா, புட்டு அவிக்கிறேன் என்று கையால் காட்டினேன். மகள் எங்களுக்கு முன்னால் படியேறிப் போனாள்.