மஞ்சள் மூக்கும் சுருட்டை வாலும்

பிள்ளைகளே, எங்கள் வாத்து குழம்பாகாமல் தப்பியது என் அழுகையால்தான் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அது ரெண்டாம் உலகச் சண்டைக் காலம். தூத்துக்குடியில் உப்பளத்தை ஒட்டி எங்கள் வீடு. அப்பா கொழும்புக்குத் தோணி ஓட்டுகிறவர். அம்மாவுக்கு ஸ்ரீவைகுண்டம். அம்மா வேதத்தில் சேர்ந்து, கிறிஸ்தவளாகி, அப்பாவைக் கல்யாணம் செய்த நாள் முதல் அந்த ஊர்க்காரர் ஒருவரும் எங்கள் வாசலை மிதித்ததில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அம்மாவின் தம்பி ஒரு வாழைத்தாருடன் வந்து நின்றார். எனக்கு மாமா ஒருவர் இருப்பதே அன்றுதான் தெரியும். அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருக்க, அம்மாவைப் பார்த்து, “அவங்க கடலுக்குப் போகலியாக்கா?” என்று கேட்டார். அப்பாவை அவர் முறை சொல்லிக் கூப்பிடவே இல்லை.

அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தார். “ஏலே, அந்தக் காட்டு வாத்தப் பிடிச்சிட்டு வா. மாமாவுக்கு ஆக்கிப் போடுவோம்.”

எனக்கு உயிரே போய்விட்டது. “அது காட்டு வாத்து இல்லப்பா. நம்ம பெட்டை பொரிச்ச குஞ்சு!”

“நம்ம பெட்டைக்கு மூக்கு நுனி மஞ்சளாவால இருக்கு? உப்பளத்து மழைத்தண்ணியில கெடக்குமே, அதுல ஒண்ணு தவிட்டுக்கு ஆசப்பட்டு வந்து ஒட்டிக்கிச்சு. நாளைக்கே பறந்துரும்.”

தூரத்தில் தெரியும் பாயை வைத்தே யாருடைய தோணி என்று சொல்லிவிடுவார் அப்பா. வாத்து விஷயம் அப்படியில்லை. குஞ்சு பொரித்தபோது அவர் கடலில் இருந்தார்.

நான் வாத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அது என் சட்டையிலேயே பீய்ச்சியது. மாமா சிரித்துவிட்டார்.

“அத இங்கன கொண்டாலே.”

குளத்தங்கரையிலேயே வளர்ந்தவர் அவர். மடியில் வைத்து இறக்கையை வெயிலில் விரித்தார். “குளத்துக் காட்டு வாத்துக்கு மூக்கடியில ரெண்டு செவப்புப் பொட்டு இருக்கும். இதுக்கு இல்ல. றெக்கைப் பட்டை அதுக்குப் பச்சை, வீட்டு வாத்துக்கு நீலம். இது அதுவுமில்லாம இதுவுமில்லாம மினுங்குது.” பிறகு வாலைத் தடவினார். மேலே இரண்டு இறகு சுருண்டு நின்றன. “இந்தச் சுருட்டை வீட்டு வாத்துச் சேவலுக்குத்தான் உண்டு. பய சொல்லுதது நெசம். தாய் இந்த வீட்டுக்காரி, தகப்பன் குளத்துக்காரன்.”

“அப்ப இது எந்தச் சாதில சேத்தி?” என்றார் அப்பா.

மாமா வாத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். என் மூக்கைப் பார்த்தார். அப்பாவைப் போலவே சுருண்ட என் தலைமுடியில் கையை விட்டு அளைந்தார். வாத்து இங்கே இருக்க, இவர் ஏன் என்னைப் பார்க்கிறார் என்று எனக்கு எரிச்சல்.

“மூக்கு எங்க பக்கம். சுருட்டை உங்க பக்கம்” என்றார். “இத அடிக்க வேண்டாம், அத்தான்.”

அப்பா கத்தியை மாடத்தில் வைத்துவிட்டு, “கரையில சீலா மீன் வந்திருக்கும், வாங்கிட்டு வாரேன்” என்று சட்டைகூடப் போடாமல் ஓடினார்.

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். வாத்தின் மேல் அம்மாவுக்கும் இவ்வளவு பிரியமா என்று எனக்கு ஆச்சரியம். அதைத் தூக்கிக்கொண்டு போய் அவள் மடியில் விட்டேன்.

“அழாதம்மா, அதான் அடிக்கலேல்லா” என்று தேற்றினேன்.