எண்ணெய் காய்ந்த பிறகு

பஸ்ஸில் ஏறினாலும் டிரைவர் கண்ணை மூடுகிறாரா என்று எட்டிப் பார்க்கிற ஆள் நான். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டதே பயத்தினால்தான். மாண்ட்ரியலில் எஞ்சினியராக இருந்த என் கணவர், ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கிளப்பில் குட்டி விமானம் ஓட்டுவார். பக்கத்து சீட்டில் கையைப் பிசைந்துகொண்டு பயப்படுவதைவிட, நாமே ஓட்டிக்கொண்டு பயப்படலாம் என்று தோன்றிவிட்டது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த எங்கள் ஃபிளாட்டில் அகராதியும் கையுமாக உட்கார்ந்து பாடப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தேன்.

எழுபதுகளில் ஒரு ஜனவரி. காலையில் என்னோடு பறந்த பயிற்சியாளர், "அடுத்த சுற்று நீங்க மட்டும், மதாம்" என்று இறங்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பனி கொட்டத் தொடங்கியது. எஞ்சினை அணைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க வந்திருந்த கணவரோடு காத்திருந்தோம். பனி நின்று வானம் வெளுத்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. குளிர்காலத்தில் அங்கே நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். இன்றைக்கு விட்டால் மறுபடி இந்தத் தைரியம் வருமா என்று எனக்கே சந்தேகம்.

எஞ்சினோ விறைத்துக் கிடந்தது. எங்கள் வீட்டு ஜன்னலோரத்துத் தேங்காய் எண்ணெய் போல உள்ளே எண்ணெய் இறுகியிருக்கும். அது இளகி ஓடுவதற்குள் முடுக்கினால் எஞ்சின் தேய்ந்து, நடுவானில் காலை வாரிவிடும். ஹீட்டர் குழாயை விமானத்தின் மூக்குக்கு அடியில் செருகி, சூடு வெளியே போகாமல் மேலே வீட்டிலிருந்து கொண்டுவந்த பவானி ஜமுக்காளத்தைப் போர்த்தினேன்.

"பொண்ணு பார்க்க யாராவது வராங்களா?" என்றார் கணவர்.

"சும்மா இருங்க. தொட்டுப் பாருங்க, இன்னும் சில்லுனு இருக்கு."

"தொட்டதெல்லாம் போதும், ஏறு. வெளிச்சம் போகுது."

ஜமுக்காளத்தை உருவிவிட்டு ஏறினேன். எஞ்சின் உறுமியது. எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் முள் மட்டும் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கணவர் இரண்டு கையாலும் 'போ, போ' என்றார். முடியாது என்று தலையாட்டினேன். வெளிச்சம் போகிறதே என்று எனக்கும் அழுகைதான் வந்தது. ஆனாலும் எஞ்சினை மெதுவாகவே ஓடவிட்டு முள்ளையே பார்த்திருந்தேன். நூலளவு அசைந்தது. இன்னும் கொஞ்சம். பச்சைப் பட்டையைத் தொட்டதும் ஓடுபாதைக்குத் திருப்பினேன்.

பயிற்சியாளரின் கனம் இல்லாத விமானம் காகிதம்போல எழும்பியது. கீழே உறைந்த ஆறு. பக்கத்தில் காலி சீட். இறங்கும்போது விசையை ஒரேயடியாகக் குறைத்தால் எஞ்சின் குளிர்ந்துவிடுமே என்று, கொஞ்சம் கொடுத்துக்கொண்டே வந்தேன். ஒரு குதி குதித்துவிட்டுச் சக்கரங்கள் தரையில் ஓடின. நான் உயிரோடு இருந்தேன்!

முதன்முதலாகத் தனியே பறந்தவர் தலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது கிளப் வழக்கம். அந்தக் குளிரில் தண்ணீருக்குப் பதிலாகப் பனியை வாரி வைத்துக்கொண்டு நின்றார் பயிற்சியாளர். கணவர் பின்பக்கமாகச் சுற்றி ஓடிவந்து கதவைத் திறந்தார்.

"அசத்திட்ட! இறங்கு, இறங்கு!"

"இறங்குறதா? இவ்வளவு நேரம் எண்ணெயைக் காய வெச்சுட்டு, ஒரே ஒரு வடையோட யாராவது அடுப்பை அணைப்பாங்களா? இன்னொரு சுற்று போறேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

கணவர் கத்திச் சொன்னார். பயிற்சியாளர் மேற்கே வானத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே பனியைக் கீழே கொட்டிவிட்டு, ஓடுபாதையைக் காட்டினார்.

கதவைச் சாத்தினேன். முள் பச்சையின் நட்டநடுவில் நின்றது.